நாலு விரல் உயரம்

பின்னிருக்கையிலிருந்து எட்டி ஈஸ்வரன் காரின் திரையில் விரலை வைத்ததும், வண்டியின் உடல் மூச்சை இழுத்துக்கொண்டதுபோல் மேலெழுந்தது.

"இனி நேரா உடுங்கண்ணா. எங்கியும் இடிக்காது."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மிக்கேல்ராஜ் தலையசைத்தார். பக்கத்தில் நல்லதம்பி முகத்தைச் சுளித்தார்.

"தூக்கி நிறுத்தி வெச்சிருக்கானுங்க பாரு, பால் வண்டியாட்ட."

"போன மாடல் வந்தப்பவும் இதயேதான் சொன்னீங்க மாமா. அப்பறம் மொத ஆளா போய் வாங்குனது ஆரு?"

நல்லதம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெருமாட்டியில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். இந்தக் கம்பெனியின் இந்த ஒரு காரைத் தவிர வேறெதையும் வாங்காதவர். அவரைப் போன்றவர்கள் கூட்டமாக ஆண்டுக்கு ஒருமுறை சின்னக்கானல் மலை ரிசார்ட்டுக்கு வருவார்கள். இம்முறை புது மாடலில் வந்திருப்பவன் அவருடைய அக்கா மகன் ஈஸ்வரன் மட்டும்தான். மற்றவர்கள் மாமாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சரி என்றால் சரி.

ரிசார்ட்டுக்கு ஏறும் கடைசிப் பாதை வெறும் மண். தாழ்வான கார்கள் அதில் வயிற்றைக் கிழித்துக்கொள்ளும். அதனால் கார்க்காரர்கள் கீழேயே மிக்கேல்ராஜிடம் சாவியைக் கொடுத்துவிட்டு பாண்டியின் ஜீப்பில் மேலே போவார்கள். மிக்கேல்ராஜ் காரை ஏற்றி நிறுத்திவிட்டு, அடுத்த காருக்காகத் தேயிலைக்கு நடுவே நடந்து இறங்குவார்.

காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார். முழங்கால்கள் கழன்றுவிடும்போல் இருந்தன.

இது கடைசி வண்டி. இதற்கு அவர் தேவையே இல்லை. எல்லா மாடலையும் இந்த மேட்டில் ஏற்றியவர் ஓட்டிப் பார்த்துச் சொல்லட்டும் என்று நல்லதம்பிதான் உட்காரவைத்திருந்தார்.

ரிசார்ட் மேனேஜர் ஜோஜோ காலையிலேயே கேட்டுவிட்டான்.

"மிக்கேலண்ணே, இனி எல்லா வண்டியும் இப்படித் தானா ஏறி வந்துட்டா உங்களுக்கும் பாண்டிக்கும் இங்க என்ன ஜோலி?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

வளைவில் கல் வந்தது.

பாதையின் நடுவே துருத்திக்கொண்டிருந்தது. மழையில் மண் அரித்து வெளியே வந்தது, அடியில் முழுப் பாறை, எடுக்க வழியில்லை என்று மிக்கேல்ராஜ் எல்லோரிடமும் சொல்வார். பழைய கார்களை இந்த இடத்தில் இடது சக்கரம் மேட்டில் ஏற, குறுக்காகச் சாய்த்துக் கொண்டுபோவார். அப்போதும் அடியில் லேசாக ஓர் உரசல் கேட்கும்.

நல்லதம்பி எந்த ஆண்டும் ஜீப்பில் ஏறியதில்லை. மிக்கேல்ராஜ் ஓட்ட, தன் காரில்தான் வருவார். உரசல் கேட்டதும் பல்லைக் கடிப்பார், பிறகு சிரிப்பார். தரையோடு தரையாகப் போவதுதான் காராம்.

"ஓரங்கட்டாதீங்க. நேரா," என்றான் ஈஸ்வரன்.

மிக்கேல்ராஜின் கை ஒரு கணம் தயங்கியது. கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினால் போதும். கல்லின் கூர்ப்பக்கம் அங்கேதான். ஒரே ஒரு சத்தம் வந்தால் நல்லதம்பி வேண்டாம் என்றுவிடுவார். கூட்டமும் வேண்டாம் என்றுவிடும்.

அவர் கையில் இதுவரை எந்த வண்டியும் அடிபட்டதில்லை.

நேராக விட்டார்.

சத்தமே இல்லை.

கல் பின்னால் போன பிறகும் நல்லதம்பி காதைக் கொடுத்துக் காத்திருந்தார்.

"தொடவே இல்லீங்களே," என்றார். துக்கம் விசாரிக்கும் குரலில்.

மேலே கூட்டம் சூழ்ந்துகொண்டது. நல்லதம்பி மிக்கேல்ராஜ் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. எப்படி இருக்குதுங்க?"

"நல்ல வண்டி சார்."

"அது தெரியுமுங்க. இது நம்ம வண்டிதானுங்களா?"

மிக்கேல்ராஜ் சாவியைச் சட்டையில் துடைத்து ஈஸ்வரனிடம் கொடுத்தார்.

நல்லதம்பி புது காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். குனிந்து அதன் அடியில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தார். நிமிர நேரமானது.

"எனக்குப் புடிக்கலீங்க," என்றார் கூட்டத்திடம். "அதுக்காக வேற எங்க போறது? வாங்கித்தான் ஆகோணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த ஆண்டு யார் யார் என்ன நிறத்தில் வருவது என்று பேச்சு தொடங்கிவிட்டது.

வாசலில் நின்றிருந்த ஜோஜோ மிக்கேல்ராஜைப் பார்த்தான். இந்த முறை சிரிக்கவில்லை.

அவர் நடந்து இறங்கினார். வளைவில் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு பாண்டி உட்கார்ந்திருந்தான்.

"என்னண்ணே, உரசுச்சா?"

"இல்லடா."

"எம்புட்டுத் தூக்குது?"

மிக்கேல்ராஜ் நாலு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

பாண்டி மேலே ஒருமுறை பார்த்தான். பனி இறங்கி ரிசார்ட்டை மறைத்திருந்தது. சீட்டுக்கு அடியிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்து கல்லின் ஓரத்தில் குத்தினான். மண் இளகியதும் கல் ஆடியது.

"போன மாடலுக்கு வச்ச கல்லு," என்றான். "இன்னுங் கொஞ்ச நாளைக்குத் தாங்கும்னுல்ல நெனச்சேன்."

மிக்கேல்ராஜ் ஓடைப் பக்கம் கை காட்டினார். அங்கே கிடந்த இன்னொரு பெரிய கல்லை அவர் முன்பே பார்த்து வைத்திருந்தார். இருவர் தூக்குகிற கல் அல்ல அது. புரட்டிப் புரட்டித்தான் கொண்டுவர வேண்டும்.