ஒரு போட்டோ கூட வரல

"அந்தப் பொம்பளை நம்மளை நல்லா ஏமாத்துறா ராயா. நீயும் ஏமாந்துட்டு நிக்கிற."

ஷம்ஸா எண்ணெய்ச் சட்டியிலிருந்து இனிப்பு உருண்டைகளை அரித்து எடுத்தபடியே சொன்னாள். ராயா அவற்றின்மேல் பேரீச்சம்பாகை ஊற்றினாள்.

ஓமானின் சூர் நகரத்தில், ராயாவின் வீட்டு முற்றத்தில் நடக்கிற சின்னச் சங்கம் அது. வியாழக்கிழமைகளில் தெருப் பெண்கள் கூடிப் பலகாரம் செய்து விற்பார்கள். வருகிற காசில் அரிசியும் துணிமணியும் வாங்கி, கடலுக்கு அப்பால் பெம்பா தீவில் கஷ்டப்படுகிற குடும்பங்களுக்குக் கப்பலில் அனுப்புவார்கள். ஆரம்பித்தவள் ராயாதான். அங்கே வாங்கிப் பங்கிட்டுக் கொடுப்பவள் சுபிரா என்கிற பள்ளிக்கூட ஆசிரியை.

"ஒரு வருஷமா சாமான் போகுது. ஒரு போட்டோ வந்துச்சா? கேட்டா, 'எல்லாருக்கும் சேர்ந்துடுச்சு, அல்லாஹ் உங்களை நல்லா வைக்கட்டும்'னு பேசி அனுப்புறா. அதை வச்சுக்கிட்டு ஊருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"டீச்சரம்மாடி அவங்க."

"டீச்சர்னா அவ வீட்டு அடுப்புல நம்ம அரிசி வேகாதோ?"

ராயாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிக்கிற நிலைமை இல்லை. இரும்புக் கடை மஸ்ஊத் கூரைத் தகடு தருவதாகச் சொல்லியிருந்தார். பெம்பாவில் பெருமழைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் பல ஓலை வீடுகள் பிழைக்கும். அவரும் அதையேதான் கேட்டார். "வாங்கினவங்க முகத்தைக் காட்டு தங்கச்சி, தகட்டை அன்னைக்கே ஏத்திடுறேன்."

"நானே போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்றாள் ராயா.

சொல்லாமல் கொள்ளாமல் பெம்பாவில் போய் இறங்கினாள்.

கதவைத் திறந்த சுபிராவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நீயா! நிஜமாவே நீயா!" என்று கட்டிக்கொண்டாள். பாய் விரித்தாள், டீ போட ஓடினாள்.

ராயாவின் கண் உள்ளறைத் திரைக்குப் பின்னால் போயிற்று. அரிசி மூட்டைகள். மூட்டைகளின் வாயில் அவளே கோத்துத் தைத்த பச்சை நூல்.

"அக்கா, இது நாங்க அனுப்பின அரிசிதானே?"

"ஆமா தங்கச்சி."

"எல்லாருக்கும் சேர்ந்துடுச்சுன்னு சொன்னீங்க. இங்க இருக்கு?"

சுபிரா பதில் சொல்வதற்குள் பின்வாசலில் ஒரு பெண் தலை நீட்டினாள். புது ஆளைப் பார்த்ததும் கையிலிருந்த கூடையைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"வா ம்வாஜுமா! காயவச்ச கிராம்பை அள்ளத்தானே வந்தே? உள்ளே போய் எடுத்துக்க" என்றாள் சுபிரா, எதுவுமே நடக்காதது போல.

அந்தப் பெண் உள்ளே போனாள். அரிசி அளக்கும் சத்தம் கேட்டது. வந்த வழியே போய்விட்டாள்.

"எல்லாரும் இப்படித்தான்" என்றாள் சுபிரா தணிந்த குரலில். "மூட்டையா தூக்கிட்டுப் போனா தெருவே பார்க்கும். அதான் வேணுங்கிறப்போ பின்பக்கமா வந்து எடுத்துக்கிறாங்க. அவங்களுக்குச் சேர்ந்த மாதிரிதானே?"

ராயாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் கைபேசியை எடுத்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. அவங்களைக் கூப்பிடுங்க. ஒரே ஒரு போட்டோ. கூரைத் தகடே வந்துடும்."

சுபிரா அந்தக் கையை மெல்லத் தாழ்த்தினாள்.

"வேணாம் தங்கச்சி. ஓலையே இருக்கட்டும்."

"மழைக்கு ஒழுகுமேக்கா! ஏன் இந்தப் பிடிவாதம்?"

"எங்க அம்மா பழக்கினது. அவங்க கல்யாணமாகி வந்த புதுசுல ஒரு பாய்மரக் கப்பல் இந்தக் கரைக்கு வந்துச்சாம். ஊர்ல பஞ்சம்னு கிளம்பி வந்த ஜனங்க. எலும்பும் தோலுமா இருந்திருக்காங்க. ஊரே வேடிக்கை பார்க்கக் கூடிடுச்சாம். அம்மா மரவள்ளிக் கிழங்கைத் தேங்காய்ப் பால்ல வேகவச்சுக் கொண்டுபோய் வச்சாங்க. வச்சுட்டு, எல்லாரையும் திரும்பி நிக்கச் சொன்னாங்க. 'அவங்களும் மானமா வாழ்ந்தவங்கதான். சாப்பிடறப்போ முகத்தைப் பார்க்காதீங்க'ன்னு."

ராயா கேட்டாள். "யாருக்கா அந்த ஜனங்க?"

"டீ ஆறுது பாரு, குடி."

"சொல்லுங்கக்கா."

"அது எதுக்கு இப்போ? பழைய கதை."

ராயா விடவில்லை. சுபிரா தயங்கித் தயங்கி, ஏதோ தான் தப்புச் செய்துவிட்டவள் போல, அந்த ஊர்ப் பேரைச் சொன்னாள்.

ராயா கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, சுபிராவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெகுநேரம் விடவே இல்லை.

அப்போது பைக்குள்ளிருந்து மணி அடித்தது. ஷம்ஸா.

"என்னடி, போட்டோ எடுத்தியா?"

"எடுக்கலை. எடுக்கவும் மாட்டேன். மஸ்ஊத் தகடு தரலைன்னா போகட்டும். நாமளே வாங்குவோம். அடுத்த வாரத்துலேருந்து இன்னொரு சட்டி ஏத்து."

"உனக்கென்ன பைத்தியமா? என் கை வெந்து போச்சு இங்க! அவங்களுக்கு நாம என்ன கடனா பட்டிருக்கோம்?"

"பட்டிருக்கோம் ஷம்ஸா" என்றாள் ராயா. "பஞ்சத்துல கப்பலேறி, எலும்பும் தோலுமா இந்தக் கரைல வந்து நின்னது நம்ம சூர் ஜனங்கதானாம். இவங்க போட்ட சோத்துல பிழைச்சவங்க பிள்ளைங்கடி நாம."