தப்பு வந்தால் எழுந்துவிடும் ஆள்

இன்றைக்கும் அந்த ஆளின் வலது கை கோட்டுக்குள்தான் இருந்தது.

ஆர்கனுக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடியில் கணக்கு டீச்சர் அதைப் பார்த்தாள். ஆராதனையின்போது போதகர் என்ன செய்கிறார் என்று திரும்பாமலே பார்ப்பதற்கு வைத்த கண்ணாடி அது. இப்போது அதில் தெரிந்தது காலி வரிசைகளும், கடைசியில் தூணுக்குப் பின்னால் பாதி மறைந்தபடி அவனும்தான்.

டீச்சர் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. "முன்னாடி வாசிச்சவங்க இனிமே வர மாட்டாங்கம்மா" என்று சொல்லித்தான் போதகர் தேவாலயத்துச் சாவியைக் கொடுத்தார். "தினமும் வந்து பழகிக்குங்க. அந்தச் சாயங்கால ஜெபப் பாட்டு மட்டும் பிசகாம வரணும். எப்பவும் அதுலதான் முடிப்போம்."

குறுகலான படியேறி மேலே வந்து பார்த்தால், ஆர்கன் பெஞ்சு கட்டைகளை விட்டு எங்கேயோ தள்ளிக் கிடந்தது. முன்னால் இருந்தது யாரோ நெட்டைக்கால் ஆசாமி போல என்று முனகிக்கொண்டே அதைக் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நேராக இங்கேதான். முதலில் காலால் மிதித்து வாசிக்கும் கால்கட்டைகள் மட்டும், பிறகு காலோடு இடது கை, கடைசியில் எல்லாம் சேர்த்து. கையெல்லாம் வந்துவிட்டது, கால்தான் வம்பு பண்ணியது. பாட்டின் மூன்றாவது அடியில் இடது கால் வலது காலுக்குப் பின்னால் புகுந்து போக வேண்டும், அங்கே தவறாமல் தவறிவிடும்.

அவள் தவறும்போதெல்லாம் அந்த ஆள் எழுந்துவிடுவான்.

முதலில் தற்செயல் என்றுதான் நினைத்தாள். ஆனால் பாட்டு சரியாகப் போனால் சிலை மாதிரி உட்கார்ந்திருப்பான். ஒரு கட்டை பிசகட்டும், சடாரென்று எழுந்து நிற்பான், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடப்பான். கை மட்டும் கோட்டை விட்டு வெளியே வராது. உள்ளே என்ன வைத்திருக்கிறான்? கத்தியா? நினைக்கும்போதே டீச்சரின் பார்வை கண்ணாடிக்கு ஓடும்.

வகுப்பையே ஒரு அதட்டலில் அடக்குகிற வாய், இதை யாரிடமும் சொல்லவில்லை. போதகரிடம் சொன்னால் "தனியா வர வேண்டாம்மா" என்பார். வீட்டுக்காரரிடம் சொன்னால் சாவியைப் பிடுங்கிப் போதகரிடமே கொடுத்துவிடுவார். சின்ன வயதிலிருந்து ஏங்கிக் கிடந்த ஆர்கன், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடும்.

ஆகவே தப்பே வராமல் வாசித்துவிடுவது என்று தீர்மானித்தாள். வீட்டில் சாப்பிடும்போதுகூடக் கால்கள் ஓயவில்லை.

"மேசைக்கு அடியில என்ன, எலி ஓடுதா?" என்றார் வீட்டுக்காரர்.

பயத்தில் பழகினாலும் பழக்கம் பழக்கம்தானே? நாளாக ஆகப் பாட்டு நேரானது. அந்த ஆளும் எழாமல் உட்கார்ந்திருந்து, பாட்டு முடிவதற்குள் பூனை போல வெளியேறிவிடுவான். டீச்சருக்கு அப்போதுதான் மூச்சே வரும்.

இன்றைக்கு மழை. ஈரத்தில் கால் வழுக்கி மூன்றாவது அடியில் தவறியது. கண்ணாடியில் அவன் எழுந்தான். பதற்றத்தில் மறுபடியும் அதே இடம், மறுபடியும் தப்பு. நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடியில் அவனைக் காணோம்.

மேலே வர ஒரே படிதான். இறங்கி ஓடவும் அந்த ஒரே படிதான்.

டீச்சர் வாசிப்பதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் காலடிச் சத்தம் கேட்டுவிடுமே என்று பயம். விரல்களெல்லாம் வேர்த்தன. தோளுக்குப் பின்னால் ஈரக் கோட்டின் வாடை வந்தது.

கழற்றி வைத்திருந்த செருப்பை எட்டி எடுத்துக்கொண்டு திரும்பினாள். "கிட்ட வந்தே... மண்டையைப் பொளந்துடுவேன்!"

"ஐயோ, நிறுத்திடாதீங்கம்மா!" என்று கெஞ்சினான் அவன். கோட்டுக்குள்ளிருந்து வீறிட்டு ஓர் அழுகை கிளம்பியது.

அவன் கோட்டை விலக்கினான். நெஞ்சோடு துணியில் கட்டிய பச்சைக் குழந்தை. வலது கை அதன் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"எதுக்கும் தூங்க மாட்டேங்குதும்மா. இந்தப் பாட்டு கேட்டாத்தான் கண்ணை மூடுது. தப்பு வந்தா மட்டும் முழிச்சுக்குது. இன்னைக்கு ரொம்ப அழுதுச்சு, கிட்டத்துல கேட்டா தூங்குமோன்னுதான் ஏறி வந்தேன்."

செருப்பு கையிலிருந்து நழுவியது. டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "நல்லா உயிரை வாங்குனீங்க போங்க! கைக்குழந்தைக்குப் பாட்டுல தப்பு எது, சரி எதுன்னு எப்படிங்க தெரியும்?"

அவன் பெஞ்சைத் தொட்டுப் பார்த்தான்.

"முன்னால இழுத்துட்டீங்களா? வயிறு இடிக்குதுன்னு இவ அம்மா தள்ளிப் போட்டுத்தான் வாசிப்பா."

டீச்சரின் சிரிப்பு நின்றது. குழந்தை விடாமல் அழுதது.

"உள்ள இருந்து தினம் கேட்டவம்மா இவ... வெளிய வந்து பார்த்தா, வாசிக்க அவ இல்ல."