கடைசிப் பால்

மாதக்கணக்காக வலியில் கிடந்த பெரியவர் பூதலிங்கத்துக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. போய்ச் சேர்ந்தால் போதும் என்று அவரே கெஞ்சிவிட்டார். மகன் கொழுந்துவேல், வாயில் கடைசிப் பால் ஊற்றச் சொந்தபந்தங்களை மறுபடியும் கூட்டியிருந்தான். பால் ஊற்றாமல் தகப்பனை அனுப்பிவிட்டான் என்று ஊர் பேசுமே.

"இந்தத் தடவையாவது நிம்மதியாப் போகட்டும்யா" என்றாள் கோமதி அத்தை. போன முறை ஆரம்பித்த ஒப்பாரியைப் பாதியில் நிறுத்த வேண்டிவந்த வருத்தம் அவளுக்கு.

கொழுந்துவேல் பால் பாக்கெட்டைக் கத்தரித்தான். இப்போது வருகிற ஒவ்வொரு சொட்டுப் பாலிலும் மூலிகைச் சாறு அடைத்த குமிழ்கள், கண்ணுக்குத் தெரியாத அளவில். சீந்தில், நெல்லி, அமுக்கரா. உறையில் 'உயிர் காக்கும் உன்னதம்' என்று பொன்னெழுத்து வேறு. ஒரு கரண்டி ஊற்றினான். எல்லோரும் கும்பிட்டார்கள்.

பெரியவரின் கன்னத்தில் மெல்ல ரத்தம் ஏறியது. மூச்சு சீரானது. கண் திறந்தார். கூடவே வலியும் விழித்துக்கொள்ள, முனகினார்.

"போச்சு. நான் பஸ்ஸப் பிடிக்கேன்" என்று அத்தை முந்தானையை உதறி எழுந்தாள்.

"ஏலே, ஒண்ணும் கலக்காத வெறும் பாலு கெடைக்கலையா?" என்று கேட்டார் பெரியவர்.

"எங்கயும் இல்லப்பா. அத விக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க. உடம்புக்குக் கெடுதலாம்."

கொழுந்துவேல் அவர் உதட்டோரம் வழிந்த பாலைத் துடைத்துவிட்டான். பெரியவர் மகனையே பார்த்தார்.

"யாரு உடம்புக்குலே?"