கடைசி பெஞ்சின் கை

ஆசிரியர் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு மரகதவல்லி முதலில் போட்டுக் காட்டுவது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் தான் நடத்திய மாதிரி வகுப்பின் வீடியோவைத்தான். விதை முளைப்பதைப் பற்றிய பாடம். பார்க்கிறவர்கள் குரலையும் கரும்பலகை எழுத்தையும் பாராட்டித் தள்ளுவார்கள். இந்த முறை ரோஸ்லின் என்ற பயிற்சி மாணவி எழுந்து நின்றாள்.

"மேடம், கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு ஆரம்பத்துலேர்ந்து கையத் தூக்கிட்டே இருக்கா. நீங்க என்னன்னு கேக்கவே இல்லையே?"

"கேமரா ஓடறப்ப பிள்ளைங்க யாரும் குறுக்க பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. முடிஞ்சதும் கேட்டுக்கலாம்னு விட்டுட்டேன்."

"கேட்டீங்களா?"

"மணி அடிச்சதும் போயிட்டா. அன்னிக்குப் போனவதான். அப்புறம் அவள யாருமே பார்க்கல."

மரகதவல்லி வீடியோவை முதலிலிருந்து மறுபடியும் ஓட்டினார். அதே விதை, அதே இளம் குரல், கடைசி பெஞ்சில் அதே பெண். இத்தனை வருடமும் தனியாக உயர்ந்து நின்ற அந்த வலது கையை, வெகுநேரம் தூக்கி வலியெடுத்த பிள்ளைகள் செய்வதுபோல, இப்போது அவள் இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.