நேசமணி வீட்டுச் சோபா

அன்றைக்குக் குளத்தூர் நேசமணி வீட்டில் இல்லாத பொருளே இல்லை. சிவப்புச் சோபா, ஃபிரிட்ஜ், சுவரை மறைக்கும் டி.வி. காப்பகத்திலிருக்கும் ஆறு வயதுச் சிறுமியை வளர்க்க அவரும் மனைவி ஷெமியும் மனு கொடுத்திருந்தார்கள். வீட்டைப் பார்க்க அதிகாரி ஷீனா வந்திருந்தார்.

“பிள்ளைக்கு இஞ்ச ஒரு குறையும் வராது மேடம். ராஜகுமாரியாக்கும்!” சோபாவில் சாய்ந்தபடி சொன்னார் நேசமணி.

“அது கிடக்கட்டு. உங்க ரெண்டு பேருக்கும் சுகமில்லாம போனா அவள ஆரு பாத்துக்கிடுவா? சொந்தக்காரங்க உண்டா?”

நேசமணி சோபாவிலிருந்து நிமிர்ந்தார். “ஆரும் இல்ல மேடம்.”

“அப்ப கஷ்டமாக்கும்,” என்று ஷீனா கிளம்பினார்.

தெருமுனை வரை போனவர், மறந்த குடையை எடுக்கத் திரும்பி வந்தார். வாசலில் ஒரே ஊர்வலம். பக்கத்து வீட்டு மோகனன் தலையில் சோபா. ஃபிரிட்ஜைத் தூக்கியவர்களை, “எலே, மெதுவா பிடி! உள்ள எனக்க மீன்கறி இருக்கு,” என்று எதிர்வீட்டு விஜயம்மா அதட்டிக்கொண்டிருந்தாள். டி.வி. ஏற்கெனவே தன் சொந்த வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

நேசமணி தலைகுனிந்தார். “எல்லாம் இரவல் மேடம்.”

“ஆரும் இல்லேன்னு சொன்னீங்க. அப்ப இவங்கெல்லாம் ஆரு?”

“பக்கத்து வீட்டுக்காரங்க.”

ஷீனா மோகனனிடம் திரும்பினார். “அவசரம்னா பிள்ளைய நீங்க பாப்பீங்களா?”

“இந்தச் சோபாவையே சுமந்தோம் மேடம். பிள்ளைக்கு இவ்வளவு கனம் இருக்குமா?”

“அப்ப அவளக் கூட்டிட்டு வாறேன்,” என்று ஷீனா சொல்லி முடிப்பதற்குள், மோகனன் சோபாவோடு நேசமணி வீட்டுக்குள் திரும்பியிருந்தார்.