பதினொரு பார்ட்னர்கள்

மாமல்லபுரம் கடற்கரை விடுதியின் கூட்ட அறையில் இன்டர்நெட் அறுந்து அரைமணி நேரமாகிறது. பிராட்பேண்ட் கம்பெனியின் பெரிய அதிகாரிகள் வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே ஊர் கேபிள் ஆபரேட்டர் முனிரத்தினம் தரையில் சம்மணமிட்டு, தலைமுடி போன்ற ஃபைபரைக் கண்ணருகே தூக்கிப் பிடித்து ஒட்டுகிறார். கண்ணாடிச் சுவர் வழியே வரும் கடல் வெளிச்சம் அவருடைய நரைத்த தாடியில் மின்னுகிறது. பக்கத்தில் நிற்கும் கம்பெனியின் கிளை மேலாளர் தௌசிஃப்புக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவனைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் வீடு வீடாக அறிமுகம் செய்துவைத்தவர் இவர். இங்கே கிடைத்த நானூறு இணைப்புகளும் இவர் சொல்லுக்காக வந்தவை. அடுத்த மாதம் முதல் இவரை விட்டுவிட்டு அந்த வீடுகளுக்குக் கம்பெனியே நேராகக் கம்பி இழுக்கப்போகிறது. மோடத்தில் பச்சை விளக்கு எரிகிறது, புரொஜெக்டர் திரையில் பட்டியல் தெரிகிறது. கழற்றிவிடப்படும் பதினொரு ஆபரேட்டர்களின் பெயர்கள். உறுத்தாமல் இருக்கட்டுமென்று அதற்கு ‘டிரான்ஸிஷன் பார்ட்னர்ஸ்’ என்று ஆங்கிலத்தில் தலைப்பு வைத்தவன் தௌசிஃப்தான். முனிரத்தினம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து பார்க்கிறார். “தம்பி, மூணாவதா கீறது என் பேரா?” “ஆமாண்ணா.” “பார்ட்னர்னு போட்டுக்கீறியேப்பா!” சட்டைப் பையிலிருந்து போனை எடுக்கிறார். “நீயும் பக்கத்துல நில்லு. வூட்ல காட்டணும்.” தௌசிஃப் திரையருகே போய் நிற்கிறான். பெயர்கள் அவன் முகத்தின்மேல் விழுகின்றன. “சிரிப்பா,” என்கிறார் அவர். சிரிக்கிறான்.