தனி பேட்டரி

வெள்ளிக்கிழமை மதியமும் அறைக்குள்ளிருந்து "டக், டக், டக்" என்று சத்தம் ஓயவில்லை. நாத்தனாருக்கு உச்சி குளிர்ந்தது.

"வீட்டுல இருந்தே அண்ணன் என்னமா உழைக்கிறான்! நானும் ஒரு வாரமா பாக்குறேன், நீங்க ஒரு ஒத்தாசை பண்ணக் காணோம் அண்ணி."

அவள் நேரே கணவரின் அறைக்குப் போனாள். நாத்தனாரும் பின்னாலேயே வந்தாள்.

அவருடைய பழைய காலத்துக் கீபோர்டு போன மாதம் வரை பரம சாதுவாகத்தான் இருந்தது. பிறகு அதன் உள்ளே சோலினாய்டு என்று ஒரு குட்டிக் காந்தச் சுத்தியலைப் பொருத்தினார். அன்றிலிருந்து அவர் ஓர் எழுத்தைத் தட்டினால் தெருக்கோடி வரை கேட்கிறது. கம்பெனியே அவர் விரல் நுனியில்தான் நிற்கிறது போலிருக்கிறது.

"ஏங்க, இந்தச் சத்தம் இல்லாம வேலை செய்ய முடியாதா?"

"சத்தம் கேட்டாத்தான் எனக்கு வேலை ஓடும். அதுக்குன்னே கீபோர்டுக்குத் தனி பேட்டரி போட்டிருக்கேன். இந்த வாரம் மட்டும் நாப்பது பக்கம் ரிப்போர்ட் அடிச்சாச்சு, தெரியுமா?"

"கேட்டீங்களா அண்ணி!"

அவள் குனிந்து, மேஜைக்கடியில் கிடந்த கீபோர்டு ஒயரின் நுனியைத் தூக்கிக் காட்டினாள்.

"இது கம்ப்யூட்டர்ல சொருகவே இல்லையேங்க!"

டக் சத்தம் நின்றது. அவர் முகத்தில் அசடு வழிந்தது.

"இப்பத்தான் கால் பட்டுக் கழண்டிருக்கும்."

"கால் படல. பெருக்கும்போது நான்தான் கழட்டி வச்சேன்."

"எப்போ?"

"திங்கக்கிழமை."